இரவு 9 மணி மாத்திரை மறுநாள் மாலைதான் நினைவுக்கு வந்தது, என்ன செய்வது?

05.02.2024, மாலை 4.10 (கேள்வி)

அக்கா, தினமும் இரவு 9 மணிக்கு மாலா-டி கருத்தடை மாத்திரை போடுகிறேன். நேற்று ஞாயிறு, நாத்தனாருக்கு வளைகாப்பு. வீடு திரும்ப 11 ஆகிவிட்டது, புடவையைக்கூட மாற்றாமல் தூங்கிவிட்டேன். இப்போதுதான் அட்டையைப் பார்க்கிறேன், பத்தாவது வெள்ளை மாத்திரை அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை இரவு கணவரோடு இருந்தேன். இதை இப்போது போடலாமா, இல்லை விட்டுவிட்டு இரவுக்கு உரியதை மட்டும் போடவா? பையனுக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. கை நடுங்குகிறது.

05.02.2024, மாலை 4.25

போடுங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் போடுங்கள். இரவு 9 மணிக்கு உரியதை வழக்கம்போல 9 மணிக்கே போடுங்கள். ஒரே நாளில் இரண்டு போகிறதே என்று பயப்பட வேண்டாம். கொஞ்சம் குமட்டலாம், அவ்வளவுதான். எதற்கும் ஏழு நாள் நிரோத்தும் (ஆணுறை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

05.02.2024, இரவு 9.40

அலுவலகத்திலிருந்து அவசரமாக எழுதியது, திருத்துகிறேன். கடைசி வரியை அடித்துவிடுங்கள். உங்களுக்கு ஏழு நாள் நிரோத் தேவையில்லை. 9 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை 19 மணி நேரம். இதற்குப் பெயர் தாமதம், தவறவிட்டது அல்ல. போட்டாயிற்று என்றால் அதோடு சரி. முன்னால் ஒன்பது வெள்ளை மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கியிருக்கிறீர்கள், அவை உங்களைக் காப்பாற்றும். சனிக்கிழமை இரவைப் பற்றியும் கவலை வேண்டாம்.

பயந்துபோய் இருப்பவரிடம் 'எதற்கும்' என்று சொல்வது எங்கள் வீட்டு வியாதி. எதற்கும் ஒரு ஸ்வெட்டர், எதற்கும் ஒரு குடை. மாத்திரை விஷயத்தில் அது நல்லதில்லை. தேவையில்லாத இடத்திலெல்லாம் சொல்லிவிட்டால் தேவையான இடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

06.02.2024, காலை 7.15

பின்னூட்டத்தில் ஒருவர், '24 மணி நேரம் தாண்டினால் ஆபத்து என்கிறார்கள், 48 என்கிறார்கள், 72 என்றும் போட்டிருக்கிறது, எது சரி?' என்று கேட்டிருக்கிறார். மூன்றும் ஒரு வகையில் சரிதான். எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதுதான் குழப்பம். சிலர் போட்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள், சிலர் கடைசியாகப் போட்ட மாத்திரையிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு நாள் வித்தியாசம்.

நான் போட்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்தே எண்ணுவேன். 24 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் தாமதம். 24 முதல் 48 வரை என்றால் ஒன்று தவறியது. இந்த இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்: நினைவு வந்ததும் ஒன்றைப் போட்டுவிட்டு அட்டையைத் தொடர வேண்டும். கூடுதல் பாதுகாப்பு வேண்டாம்.

48ஐத் தாண்டினால் இரண்டோ அதற்கு மேலோ தவறியது என்று கணக்கு. அப்போது கடைசியாக விட்டது ஒன்றை மட்டும் உடனே போட வேண்டும். அதற்கு முந்தியவற்றைக் குப்பையில் போட்டுவிடலாம், கடன் அடைப்பதுபோல எல்லாவற்றையும் சேர்த்து விழுங்க வேண்டாம். பிறகு தினம் ஒன்று. தொடர்ந்து ஏழு வெள்ளை மாத்திரை உள்ளே போகும்வரை நிரோத், அல்லது ஒதுங்கி இருப்பது.

எங்கள் நர்ஸம்மா ஒன்றிரண்டு விட்டாலும் பரவாயில்லை, மூன்று விட்டால்தான் நிரோத் என்பார். அவர் கையேட்டில் அப்படித்தான் இருந்தது, அதுவும் தவறில்லை. நான் இரண்டில் கடுமையான கணக்கை எடுத்துக்கொண்டேன், என் மறதியை எனக்குத் தெரியும்.

06.02.2024, காலை 7.30

இது வெள்ளை மாத்திரைக்கு மட்டும். பழுப்பு நிறத்தில் கடைசியாக இருக்கும் ஏழும் இரும்புச்சத்து. அதை மறந்தால் ஒன்றும் ஆகாது.

07.02.2024, இரவு 10.50

பழுப்பு என்றதும் என் பழைய கதை நினைவுக்கு வந்துவிட்டது.

கல்யாணமான இரண்டாம் வருடம். ஒரு நாள் பழுப்பு மாத்திரை ஒன்றை விட்டுவிட்டேன் என்று இரவெல்லாம் அழுதேன். இவர் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து, 'என்ன, யாருக்கு என்ன ஆச்சு?' என்று பதறினார். நர்ஸம்மாவிடம் ஓடினேன். அவர் சிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனது. 'அந்தக் கருப்பு மாத்திரை ரத்தம் ஊறத்தான், அதை விட்டதுக்கா அழறே?'

வேடிக்கை அதுவல்ல. அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்த பொங்கலில் பழைய அட்டை தீர்ந்துவிட்டது. துணை சுகாதார நிலையம் பூட்டியிருந்தது, நானும் மாமியார் ஊரில் இருந்தேன். புது அட்டையை மூன்று நாள் தாமதமாகத்தான் தொடங்கினேன். அப்போது ஒரு சொட்டுக் கவலைகூட இல்லை! தலைக்குக் குளித்து இப்போதுதானே முடிந்தது, இனி நடு மாதத்தில்தானே பயம், அதற்குள் மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அழ வேண்டிய இடத்தில் அழவில்லை.

இதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். வெள்ளை மாத்திரை கருப்பையைவிட அதிகமாகச் சூல்பையைத்தான் தூங்க வைக்கிறது. பழுப்பு ஓடும் ஏழு நாளும் ஹார்மோன் இல்லை. அந்த ஏழு நாளில் சூல்பை மெல்லக் கண் விழிக்கிறது, உள்ளே முட்டைப்பை வளரத் தொடங்குகிறது. எட்டாம் நாள் புது வெள்ளை மாத்திரை போய் மறுபடி தட்டித் தூங்க வைக்கிறது. ஆழ்ந்து தூங்க ஏழு மாத்திரை தொடர்ந்து வேண்டும். ஏழு என்ற எண் இதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

அப்படியானால் மோசமான தவறு எது? அந்த ஏழு நாள் இடைவெளியை எட்டு, ஒன்பது, பத்து என்று நீட்டுவது. அட்டையின் முதல் மாத்திரைகளைத் தாமதித்தாலும் நீளும், கடைசி வெள்ளை மாத்திரைகளை விட்டாலும் நீளும். நடுவில் ஒன்று பிந்துவதுதான் இருப்பதிலேயே சாதாரணம். மாத்திரை போடாதவர்களுக்கு நடு மாதம் ஆபத்து, போடுகிறவர்களுக்கு அட்டையின் இரண்டு ஓரங்களும் ஆபத்து. கேள்வி கேட்டவருடைய பத்தாவது மாத்திரை, மறப்பதற்கென்றே செய்துவைத்த இடம்!

என் விஷயத்தில் இடைவெளி பத்து நாள். மூன்று வாரம் கழித்து மருந்துக்கடையில் கர்ப்பச் சோதனை கார்டு வாங்கிச் சோதித்தேன். ஒரு கோடு, கர்ப்பமில்லை. அந்த மூன்று வாரத்தில்தான் மேலே எழுதியதெல்லாம் தெரியவந்தது. முதலில் தெரிந்திருந்தால் ஏழு நாள் நிரோத்தோடு, உறவுக்குப் பின் போடும் அவசர மாத்திரையைப் பற்றியும் கேட்டிருப்பேன்.

08.02.2024, காலை 6.50

நேற்று எழுதியதில் பாதியை விட்டுவிட்டேன். மூன்றாம் வாரத்தில், அதாவது 15 முதல் 21 வரை உள்ள வெள்ளை மாத்திரைகளில், இரண்டோ அதற்கு மேலோ தவறினால் இருக்கிற வெள்ளையை முடித்துவிட்டுப் பழுப்பைத் தொடாமல் மறுநாளே புது அட்டையைத் தொடங்க வேண்டும். இடைவெளியே வராது. அந்த மாதம் மாதவிலக்கு வராமல் போகலாம், லேசாகக் கறைபடலாம். வரவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நிரோத் ஏழு நாள் இதற்கும் உண்டு.

முதல் வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ தவறி, கடந்த ஐந்து நாளில் கணவரோடு இருந்திருந்தால், அவசர மாத்திரை பற்றி யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

08.02.2024, மதியம் 1.20

நிறுத்துங்கள், ஒருவர் கீழே எழுதியதைப் பார்த்துப் பதறிவிட்டேன். அவர் நான்கு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார், டாக்டர் எழுதிக் கொடுத்தது டெசோஜெஸ்ட்ரெல் மாத்திரை. என் 48 மணி நேரக் கணக்கைப் பார்த்துவிட்டு, 'அப்போ எனக்கும் 20 மணி நேரம் தாமதமானால் பரவாயில்லையா?' என்கிறார்.

உங்களுக்குப் பரவாயில்லை அல்ல! நான் இதுவரை எழுதியது முழுவதும் இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரைக்கு. மாலா-டியும் அரசு இலவசமாகத் தரும் மாலா-என்னும் அந்த வகை. உங்களுடையது ஒற்றை ஹார்மோன். டெசோஜெஸ்ட்ரெலுக்கு 12 மணி நேரம்தான் தவணை. பழைய வகை ஒற்றை ஹார்மோன் மாத்திரைகளுக்கு வெறும் 3 மணி நேரம். அதைத் தாண்டினால் உடனே போட்டுவிட்டு, அடுத்த இரண்டு நாளுக்கு நிரோத். தாண்டிய பிறகு பாதுகாப்பில்லாமல் இருந்திருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் அட்டையில் 28 மாத்திரையும் மருந்துதான், பழுப்பு கிடையாது, இடைவெளியும் கிடையாது.

முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். 'எந்த மாத்திரை?' என்பதுதான் முதல் கேள்வி, கேட்டவர் பெயரைச் சொல்லிவிட்டதால் நான் தப்பித்தேன்.

(உங்களுக்கு ஏன் மாலா-டி கொடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குக் குழந்தை ஆறு மாதம் ஆகும்வரை கலவை மாத்திரையைத் தவிர்ப்பார்கள்.)

09.02.2024, இரவு 9.05

அலாரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். என் போனில் 9 மணிக்கு நாதஸ்வரம் அடிக்கும். பக்கத்து வீட்டு அம்மா மூன்று மாதம் கவனித்துவிட்டு, 'தினமும் ராத்திரி என்ன பூஜை?' என்று கேட்டார். நித்திய பூஜை என்று சொல்லிவிட்டேன்.

அட்டை இருக்கும் இடம் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில். தாளிக்காத வீடு கிடையாது, அதனால் பார்க்காமல் இருக்க முடியாது. இவர் ஒருமுறை சீரகம் தேடி எடுத்து, 'இது எந்தக் குழம்புக்கு?' என்று கேட்டதுண்டு. கைப்பையில் இன்னொரு அட்டை தனியாக இருக்கும், அதற்கான காரணத்தை நாளை எழுதுகிறேன்.

10.02.2024, மாலை 5.30

காரணம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்துக்கு முன்பு சாப்பாட்டுக் கடையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வேனில் ஏறினேன், முப்பதாவது வளைவு தாண்டியதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மாத்திரை உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொண்டு இன்னொன்று போட வேண்டும்.

அந்த இன்னொன்றை அதே அட்டையிலிருந்து எடுத்தால் கிழமை எல்லாம் ஒரு நாள் மாறிக் கணக்குக் குழம்பும். தனி அட்டையிலிருந்து எடுத்தால் கையில் இருக்கும் அட்டை அப்படியே ஓடும். அதற்குத்தான் கைப்பை அட்டை. வாந்தியும் பேதியும் ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் போனால் அந்த நாட்களை மாத்திரை தவறிய நாட்களாகவே எண்ண வேண்டும்.

10.02.2024, இரவு 8.15

ஆண்டிபயாடிக் போட்டால் மாத்திரை வேலை செய்யாதா என்று ஒருவர். பல்வலிக்கும் தொண்டைவலிக்கும் தரும் சாதாரண ஆண்டிபயாடிக்குகளால் ஒன்றும் ஆகாது, வாந்தி பேதி வராதவரை. ஆனால் காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அப்படியல்ல. கல்லீரல் ஹார்மோனை வேகமாக உடைத்துத் தள்ளிவிடும். நேரம் தவறாமல் போட்டாலும் பாதுகாப்பு குறைந்துவிடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் மாத்திரைகளும் அப்படித்தான். என் ஓரகத்திக்குக் காசநோய் மருந்து தொடங்கியபோது அங்கிருந்த நர்ஸே, 'மாத்திரையை நம்பாதே, காப்பர்-டி போட்டுக்கோ' என்றார். அவர் கேட்காமலே சொன்னது நல்லதாகப் போயிற்று.

12.02.2024, இரவு 11.00

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். 'அடுத்த வாரம் கொழுந்தன் கல்யாணம், மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கியிருக்கிறேன், அந்த நாட்களில் அது கருத்தடையாகவும் ஆகுமா?' என்று ஒரு கேள்வி.

ஆகாது. தள்ளிப்போடத் தரும் நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம் வேறு கணக்கு. அதைக் கருத்தடைக்கு நம்பக் கூடாது. நம் ஊரில் கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் கொடை எதுவானாலும் பெண்களின் கைப்பையில் அந்த மாத்திரை இருக்கும். மருந்துக்கடைக்காரர் ஆடி முடிந்து ஆவணி பிறந்தாலே முன்கூட்டி வாங்கி வைத்துவிடுவார் என்று நினைக்கிறேன். மாலா-டி போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே வேண்டாம். பழுப்பை விட்டுவிட்டுப் புது அட்டைக்குப் போனால் மாதவிலக்கு தானாகவே தள்ளிப்போகும். இதை எனக்குச் சொல்லாமலே ஆறேழு விசேஷம் கடந்துவிட்டது.

13.02.2024, காலை 6.40

வட்ட அட்டை பற்றி ஒரு துணுக்கு. அமெரிக்காவில் 1960இல் மாத்திரை வந்தபோது சாதாரணக் குப்பியில்தான் கொடுத்தார்கள். இன்றைக்குப் போட்டோமா இல்லையா என்பது யாருக்கும் நினைவிருக்காது. டேவிட் வாக்னர் என்ற பொறியாளர் தம் மனைவியிடம் 'போட்டாயா, போட்டாயா' என்று கேட்டுக் கேட்டு இருவருக்கும் எரிச்சல் வந்து, கிழமை தெரிகிற ஒரு பெட்டியைத் தாமே செய்து 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று நம் அட்டைகளில் இருக்கும் அம்புக்குறிக்கெல்லாம் ஒரு தம்பதியின் சண்டைதான் பாட்டன். இவரிடம் இதைச் சொன்னேன். 'நானும் கேட்டேனே, எனக்கு என்ன கிடைத்தது?' என்றார்.

14.02.2024, இரவு 10.20

அவசர மாத்திரை எங்கே கிடைக்கும் என்று தனியாக மூன்று பேர் கேட்டார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருந்துச் சீட்டு தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கடையில் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் பொருள் இங்கே 'இல்லைங்க' ஆகிவிடும். நான் ஒரே தெருவில் நான்கு கடை ஏறினேன். நான்காவது கடையில் பையன் என் கழுத்தைப் பார்த்தான், தாலி இருக்கிறதா என்று. இருந்தது. அப்புறமும் இல்லை என்றுதான் சொன்னான்.

அலைந்து நேரத்தைக் கடத்துவதைவிட அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நேரே போவது மேல். அங்கே இன்னொரு வழியும் உண்டு. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டால் அவசர மாத்திரையைவிட அது உறுதியானது, பிறகு பல வருடங்களுக்கு அலாரமே வேண்டாம். லெவோநார்ஜெஸ்ட்ரெல் போட்டால் வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல் தொடர வேண்டும், ஏழு நாள் நிரோத்தோடு.

15.02.2024, காலை 7.05

ஓர் ஐயா வந்து இதெல்லாம் உடம்புக்குக் கெடுதல் என்று இருபது வரி எழுதியிருக்கிறார். பாதி கட்டுக்கதை, பாதிக்குப் பதில் சொல்லலாம். 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள், இவர்களுக்குக் கலவை மாத்திரை ஆகாது. மாத்திரை போடும்போது ஒரு கால் மட்டும் ஆடுசதையில் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. மறந்த மாத்திரைக்குப் பதறும் நேரத்தில் இதற்குப் பதறலாம்.

17.02.2024, மாலை 6.00

வாராந்திர மாத்திரை, சாயா. (டீயா என்று கேட்டவருக்கு: இல்லை. பெயர் வைத்தவர்கள் கேரளாப் பக்கம் வந்ததில்லை போல.) லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. 1991இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது, இப்போது அரசு தருவது சாயா. இதில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மறந்தால் இதற்கும் ஏழு நாள் நிரோத்.

17.02.2024, இரவு 9.15

தவறு. சாயாவுக்கு ஏழு நாள் நிரோத் அல்ல. நினைவு வந்ததும் மாத்திரையைப் போட்டு, பழைய கிழமையிலேயே தொடர்ந்து, அடுத்த மாதவிலக்கு வரும்வரை நிரோத். மறந்து ஏழு நாளைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து: மறுபடி வாரம் இரண்டு, மூன்று மாதம். ஏழு என்று கேட்டாலே என் கை தானாக அந்த வரியை எழுதிவிடுகிறது.

19.02.2024, காலை 6.30

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நேற்று, பழுப்பு மூன்றாம் நாள், மாதவிலக்கு வந்துவிட்டதாம். நல்லது.

ஒன்று மட்டும். 28 மாத்திரை அட்டை என்பதால் உங்களுக்கு எப்போதும் ஒரே கிழமையில்தான் புது அட்டை. எண்ணிப் பார்த்தேன், நீங்கள் தொடங்கியது ஜனவரி 26, வெள்ளி. அடுத்தது வரும் 23, அதுவும் வெள்ளிதான். அட்டை கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே நர்ஸம்மாவைப் பாருங்கள், வியாழன் மாலை போய் நிற்காதீர்கள்.